விரல் எடுக்கும் வரை

"ஏனுங்க அம்மணி, ஊரு சனம் உங்களுக்கு விளையாட்டாப் போச்சுங்களா?"

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கேட்டவர் தென்னந்தோப்புக்காரர் தம்பிதுரை. அவருடைய வலது கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. யானை வருகிறது என்று போன் கத்தியதும் பதறி ஓடி, வாய்க்காலில் விழுந்து ஒடித்துக்கொண்ட கை. யானை வரவே இல்லை.

எதிரே நின்றவள் சாமியாத்தாள். காட்டோரத்துக் கடைசித் தோட்டம் அவளுடையது. வாழை போட்டிருந்தாள். தனியாள்.

"நான் அமுக்கவே இல்லைங்ணா. எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப ஆரு, யானையே அமுக்குச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள்.

நந்திதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதாவது தோட்டத்தில் யானை கண்ணில் பட்டால், போனில் அந்தத் தோட்டத்துப் பெயருக்கு நேரே இருக்கும் சிவப்புப் பொத்தானைத் தொட வேண்டும்; ஊரில் எல்லார் போனும் கத்தும். அந்தச் செயலியை எழுதியவள் அவள்தான். கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து எரிச்சலோடு வந்திருந்தாள்.

"பொய் அலாரம் எல்லாமே இவங்க போன்ல இருந்துதான் போயிருக்குங்க," என்றாள் வெடுக்கென்று. "பதிவாயிருக்கு."

அது போதுமாயிருந்தது. சாயங்காலத்துக்குள் சாமியாத்தாள் எண்ணைச் செயலியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார் தம்பிதுரை. கூட்டம் தலையாட்டியது. எடுத்துவிட்டால், யானை எங்கே நிற்கிறதென்று காட்டோரத்தில் இருப்பவளுக்கு மட்டும் தெரியாது.

சாமியாத்தாள் போனை நந்திதாவின் மடியில் போட்டாள். "நீயே வெச்சுக்க கண்ணு. பொய் சொல்றவ கையில இது எதுக்கு?" என்றவள், வெயிலில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.

அடுத்தவர் போனை வைத்துக்கொள்ள முடியுமா? திருப்பிக் கொடுக்கத் தோட்டத்துக்குப் போனாள் நந்திதா. சாமியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து, கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் ணங்கென்று வைத்தாள்.

"குடி. கோவம் வேற, வெயில் வேற."

அந்த மோர் இல்லையென்றால் நந்திதா அப்போதே திரும்பியிருப்பாள். அம்மன் வழிகாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். குடித்துக்கொண்டே, "அப்ப இதுல என்னதானுங்கக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"என்ன பண்ணுவேன்? வெளக்கு வெச்சதும் ஒவ்வொரு தோட்டத்துப் பேராப் பாத்து, ஆத்தா, இங்க ஒண்ணும் வரப்படாது, இங்க ஒண்ணும் வரப்படாதுன்னு வேண்டிக்குவேன். என்னை ஏசுற தம்பிதுரையண்ணன் தோப்புக்குஞ் சேத்துத்தான்."

சொல்லிக்கொண்டே போனை வாங்கிச் செய்து காட்டினாள். கட்டைவிரலைத் திரையின் ஓரத்தில் ஊன்றினாள். பேரைச் சொன்னாள். பிறகு மெல்ல மேலே தள்ளினாள். மறுபடி ஊன்றினாள்.

நந்திதாவின் பையில் போன் கத்தியது. பக்கத்துத் தோட்டத்திலும் கத்தியது. கோயில் பக்கமிருந்தும் சத்தம் வந்தது. சாமியாத்தாள் கையிலிருந்தது மட்டும் சும்மா இருந்தது; அனுப்புகிறவர் போன் கத்தாது.

"ஐயோ, யானை! உள்ள வா கண்ணு!" என்று நந்திதாவின் கையைப் பிடித்து இழுத்தாள் அவள்.

யானை இல்லை. இந்த முறை விரல் ஊன்றிய இடத்தில் பொத்தான் இருந்தது. விரலை எடுக்கிறாளா, நகர்த்துகிறாளா என்று பார்க்கப் பொறுமையில்லாமல், பட்டவுடனே செயலி அனுப்பிவிட்டிருந்தது.

நந்திதா, கூட வேலை செய்யும் கிஷனைப் போனில் பிடித்துக் கத்தினாள். "தொட்ட உடனே அனுப்பற மாதிரி யாருடா எழுதச் சொன்னது? விரல் எடுக்கற வரைக்கும் பொறுத்தா என்ன?"

"நீதான்," என்றான் கிஷன். "பொறுத்துட்டு இருந்தா யானை வந்துரும்னு எங்கிட்டச் சண்டை போட்டியே, மறந்துட்டியா?"

அவள் போனை வைப்பதற்குள் தம்பிதுரை ஆட்களோடு வந்துவிட்டார். "மறுபடியுமா! கொழுப்புத்தானே இது?"

நந்திதா குறுக்கே போய் நின்றாள். "அவங்க அமுக்கலைங்க. தள்ளினாங்க. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க என் செயலிக்குத் தெரியலைங்க. தப்பு என்னோடதுங்க."

"அப்ப இந்தக் கை உன்னாலதானா?" அவர் முகம் சிவந்தது. "பதிவாயிருக்குன்னு சபையில சொன்னியே, படிச்ச புள்ளையா நீ?"

"அந்தப் புள்ளைய அப்பறம் வையலாமுங்ணா." சாமியாத்தாளின் குரல் அவருடையதைவிட உயர்ந்தது. "என்னைப் பேசினதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நந்திதா கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். திருத்தியதைச் சாமியாத்தாள் போனில் ஏற்றும் வரை யாரும் நகரவில்லை.

"இப்பத் தள்ளுங்கக்கா."

விரல் ஊன்றியது, நகர்ந்தது. ஓடைக்காடு, பெரிய தோட்டம், தம்பிதுரை தோப்பு. ஒரு போனும் கத்தவில்லை.

தம்பிதுரை தோளிலிருந்த துண்டை இடது கையால் எடுத்தார். "தப்பாப் பேசிப்போட்டனுங்க அம்மணி," என்றார் தரையைப் பார்த்து.

நிஜமாக அமுக்கினால் போகிறதா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. இது சோதனைதான் என்று கிஷன் ஊரில் எல்லோருக்கும் தகவல் அனுப்பினான். பிறகு சாமியாத்தாள், தம்பிதுரையை நேராகப் பார்த்தபடி, முதல் முறையாக வேண்டுமென்றே பொத்தானை அமுக்கி விரலை எடுத்தாள். சுற்றி நின்ற எல்லோர் சட்டைப் பையும் அலறியது.

"நான் அமுக்கினா இப்படித்தான் இருக்கும்," என்றாள். "தெரிஞ்சுக்குங்க."

பிறகு, வந்தவர்களுக்கெல்லாம் மோர் எடுக்க உள்ளே போனாள்.