பட்டறைச் சங்கிலி

என் வெல்டிங் பட்டறையில் பளு தூக்கும் சங்கிலியைக் கொண்டுவந்து, ஏரிக்கரையில் நாங்கள் போட்டிருந்த கூடாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜெனரேட்டரைக் காரின் கொக்கியோடு சேர்த்துப் பூட்டினேன். கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“என்ன அண்ணி, அதுக்குப் போய் விலங்கு மாட்டுறீங்க? கால் முளைச்சு ஓடவா போகுது?”

எனக்குச் சுருக்கென்றது. பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

மத்தியானம் ஏரியில் குளித்துவிட்டுத் திரும்பினால், பக்கத்துக் கூடாரத்தில் ஒரே கூச்சல். அவர்களுடைய ஜெனரேட்டரைக் காணோம். எங்களுடையது கவிழ்ந்து கிடந்தது. சங்கிலியில் ஒரு கீறல்தான். அருகில், திருடன் போட்டுவிட்டு ஓடிய, சங்கிலி வெட்டும் பெரிய கட்டர், முனை உடைந்து கிடந்தது.

கொழுந்தன் ஜெனரேட்டரை நிமிர்த்தி வைத்தான். நான் கட்டரை எடுத்துக் காரில் போட்டேன்.

“இது எதுக்கு அண்ணி?”

“பட்டறை வாசல்ல தொங்கட்டும். உரியவன் வந்து கேட்டா, வெல்டிங் வெச்சே குடுக்குறேன்.”