வீட்டைப் பார்க்கலாமா?

அவளுடைய கணவருக்குப் பிடித்த சொல் ஒன்றே ஒன்றுதான்: பார்க்கலாம். குழாய் ஒழுகுகிறதே என்றால் பார்க்கலாம். சுவருக்கு வண்ணம் அடிக்கலாமா என்றால் பார்க்கலாம். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லாத மனிதர், அந்த ஒரு சொல்லை வைத்தே குடித்தனத்தை ஓட்டிவிட்டார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம், "இப்ப தெளிவாத் தெரியுதா?" என்று கேட்பாள். வீட்டுக்கு வந்தால் அவளுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது.

வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தது அவளுடைய முழங்கால். சமையலறை கீழே, படுக்கையறையும் குளியலறையும் மாடியில். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுவாள். "இனிமே படியே கூடாது" என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவில் பேக்கரிக்கார அக்காவின் தரைத்தள வீடு விலைக்கு இருந்தது. அக்கா அதை இவளுக்காகவே பிடித்து வைத்திருந்தாள்.

குறுக்கே வந்தது சொத்து வரி. நகராட்சி வரியை ஏற்றப் போகிறது என்று பேச்சு கிளம்பியதும், "இந்த நேரத்துல யாரு வாங்குவா? பார்க்கலாம்" என்றார். இல்லை, குறைக்கப் போகிறார்கள் என்று செய்தி மாறியதும், "குறைச்சா வீட்டு விலை ஏறும். இப்ப வித்தா நாமதான் ஏமாளி. பார்க்கலாம்" என்றார். பிறகு வழக்கு, தடை, அதை ஆராய ஒரு குழு. ஏற்றினாலும் காத்திருந்தார், இறக்கினாலும் காத்திருந்தார். அவளுடைய முழங்கால் மட்டும் எந்தக் குழுவுக்கும் காத்திருக்கவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் கமுக்கமாகத் தரகரிடம் கணவரின் எண்ணைக் கொடுத்தாள். சனிக்கிழமை, வீடு தேடும் ஒரு பெண் அவரைக் கூப்பிட்டாள். "சார், நாளைக்குக் காலைல வீட்டைப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லி, தொல்லை விட்டது என்று போனை வைத்தார்.

மறுநாள் அவர் பனியனோடு செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், வாசலில் ஒரு இளம் ஜோடி நின்றது.

"என்னங்க இது, சொல்லாம கொள்ளாம?"

"நீங்கதானே சார் பார்க்கலாம்னு சொன்னீங்க?"

"நான் சொன்னது அந்தப் பார்க்கலாம் இல்லைங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரை ஓரங்கட்டிவிட்டு, வலியையும் மறந்து மாடிவரை கூட்டிப்போய்க் காட்டினாள். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அவள் சொன்ன விலைக்குத் தலையாட்டினார்கள். அவர்தான் இடையில் புகுந்தார்.

"அடுத்த வாரம் வரி அறிவிப்பு வருதாம். அது வரட்டுமே."

"வரியை இனிமே நாங்கதானே சார் கட்டப் போறோம்?" என்றாள் அந்தப் பெண். "எங்களுக்கே இல்லாத கவலை உங்களுக்கு எதுக்கு?"

அவர் தனக்கு எப்போதும் கைகொடுக்கும் சொல்லை எடுத்தார். "இருந்தாலும்... பார்க்கலாம்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு செருப்பை மாட்டினார்கள்.

கதவைச் சாத்தியதும் அவள் வெடித்தாள். "வரி ஏறுமா இறங்குமான்னு ரெண்டு வருஷமா பார்க்கறீங்களே, நான் ஏறி இறங்கறதை ஒரு நாளாவது பார்த்தீங்களா?" அவர் செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கிக் கிழித்திருப்பாள். கிழித்தால் குனிந்து பொறுக்க வேண்டியவளும் அவள்தான் என்பதால் விட்டுவிட்டாள். அதன் பிறகு அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் பேக்கரிக்கார அக்கா கண்ணாடிக் கடைக்கே வந்தாள். "வேற ஆள் வந்து நச்சரிக்கிறாங்கம்மா. எத்தனை நாள் நான் பிடிச்சு வைக்கிறது? நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடு."

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. வரி அறிவிப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டார்களாம்.

"இன்னும் ஒரு வருஷம் யாரு காத்திருக்கிறது? சரி, வித்துடலாம்" என்றார்.

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகம். "இப்பவே கூப்பிடுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்." பேச்சை நிறுத்தியிருந்ததே மறந்துவிட்டது.

அவர் வீடு பார்க்க வந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தானாகவே சொன்னார். மறுமுனையின் பதிலைக் கேட்டார். போனைக் கீழே வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"பார்க்கலாம்னு சொன்னாங்க."

அவள் கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "அப்ப வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"அதெப்படி நீயா முடிவு பண்றே?"

"இத்தனை வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணியிருக்கேனே, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதா எனக்கு?"

கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதல் படியில் வைத்தாள். பிறகு மற்றதை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.