இரண்டு பத்திரிகையிலும் ஒரே செய்தி

அந்த நகரத்தில் ஒரு குடை வாங்குவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. பச்சைக் குடை பிடித்தால் பச்சைக் கட்சி, ஊதாக் குடை பிடித்தால் ஊதாக் கட்சி. கறுப்புக் குடை பிடித்தவனை இரண்டு பக்கமும் நம்பவில்லை. மாலையில் வரும் பத்திரிகைகளும் இரண்டு. ஒன்றில் வந்த செய்தி, மற்றதைப் படிக்கிறவர்களுக்குப் பச்சைப் பொய்.

ஊதாக்காரர்கள் படித்த பத்திரிகையின் நிருபரை அலுவலகத்தில் எல்லோரும் 'குடைச்சல்' என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை விடமாட்டாள். அதிகாரி சாப்பிடப் போனால் வாசலில் நிற்பாள். சாப்பிட்டு ஏப்பம் விட்டபடி வெளியே வருகிறவரிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பாள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பச்சைப் பத்திரிகையில் அதே வேலையைச் செய்தவள் அவளுடைய அண்ணி. பல் டாக்டரான அண்ணனுடைய மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் முழுக்க அம்மா வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும். "கட்சி பேசணும்னா தட்டை எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிடுங்க" என்பது அம்மா போட்ட சட்டம். அதனால் அந்த மேஜையில் பெரும்பாலும் பல்லைப் பற்றியே பேச்சு நடந்தது.

ஒரு விடுமுறை நாளில் அரசுப் பள்ளி ஒன்றின் மாடிப்படி இடிந்து விழுந்தது. பிள்ளைகள் இல்லாத நேரம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. 'பச்சை ஆட்சியில் கட்டிய படி' என்று குடைச்சல் எழுதினாள். 'உறுதியாக இருக்கிறது என்று ஊதா ஆட்சி இந்த ஆண்டு சான்று கொடுத்த படி' என்று அண்ணி எழுதினாள். இரண்டும் உண்மை. பஸ்ஸிலும் சலூனிலும் ஆளுக்கொரு உண்மையை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். அதே ஒப்பந்தக்காரர் கட்டிய படிகள் இன்னும் பல பள்ளிகளில் இருந்தன. அவற்றில் பிள்ளைகள் தினமும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

குடைச்சலுக்கு மனம் ஆறவில்லை. இடிபாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அழுத்தினாள். ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பொறியியல் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தாள். கழுவாத கடல் மணல், உள்ளே இருக்கும் கம்பியை உப்பு தின்றுவிட்டது என்றார்கள். கட்டிய கம்பெனியைத் தேடிப் போனால் அந்த முகவரியில் இப்போது சைக்கிள் கடை இருந்தது. கம்பெனியை மூடியாயிற்று; முதலாளியின் பெயர் மட்டும் கிடைத்தது. அதற்கு மேல் வழி இல்லை.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பாத்திரம் கழுவினார்கள். அண்ணி புடவையை இழுத்துச் செருகியபோது, அவள் கணுக்காலில் பெரிய சிராய்ப்பு ஒன்று தெரிந்தது.

"என்ன அண்ணி இது?"

"படியில விழுந்துட்டேன்."

"எந்தப் படியில?"

அண்ணி குழாயை மூடினாள். "உன்கிட்ட மறைக்க முடியுமா? இடிஞ்ச படியிலதான். நேத்து போனேன்."

"உங்க பத்திரிகைதான் சான்றோட முடிச்சுடுச்சே. அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"உங்க பத்திரிகையும்தான் முடிச்சுடுச்சு. நீ எதுக்குப் போன? வாட்ச்மேன் சொன்னார், உங்களுக்கு முன்னாடியே ஒரு அம்மா வந்து கல்லைப் பொறுக்கிட்டுப் போச்சு, பைத்தியம் போல இருக்குன்னு."

குடைச்சல் சிரித்துவிட்டாள். சோப்பு நுரையோடு நின்றே இருவரும் தங்களிடம் இருந்ததைச் சொன்னார்கள். பழைய கம்பெனியின் முதலாளி யார் என்று குடைச்சலுக்குத் தெரியும். ஊதா ஆட்சியில் பள்ளிகளைப் பழுதுபார்க்கும் வேலையை எடுத்த புதுக் கம்பெனியின் முதலாளி யார் என்று அண்ணிக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டிப் பிழைத்த விலாங்கு.

"நான் எழுதினா உங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க. நீங்க எழுதினா எங்க ஆளுங்க தொடவே மாட்டாங்க" என்றாள் குடைச்சல்.

"அப்ப சேர்ந்து எழுதுவோம். ரெண்டு பத்திரிகையிலயும், ஒரே நாள்ல, ஒரு எழுத்து மாறாம" என்றாள் அண்ணி. "ஆனா ஒண்ணு. எங்க பக்கத்துக்கு வலிக்கிற பாதியை நான் சரிபார்க்கிறேன். உங்க பக்கத்துக்கு வலிக்கிறதை நீ பாரு."

அப்படித்தான் ஊதாக் கட்சியின் கல்வி அமைச்சர் முன்னால் குடைச்சல் போய் உட்கார்ந்தாள். "வாம்மா, நம்ம வீட்டுப் பொண்ணு" என்று வரவேற்றார் அவர். அந்த வார்த்தை முன்பெல்லாம் அவளுக்கு இனித்தது உண்டு. அன்று முள்ளாகக் குத்தியது.

"சார், சான்று குடுக்குறதுக்கு முன்னாடி படியைத் துளைச்சு சோதிச்சீங்களா?"

அமைச்சர் முகம் சுருங்கியது. "இதை உங்க அண்ணி கேட்டிருந்தா எனக்கு ஆச்சரியமில்ல. நீ கேக்குறியேம்மா."

"அவங்க இந்நேரம் பழைய அமைச்சர் வீட்டுல உட்கார்ந்து, அந்தக் கம்பெனிக்கு ஏன் வேலை குடுத்தீங்கன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க சார். அவங்க உங்களைக் கேட்டா, எதிரி கேக்குறான்னு தள்ளிடுவீங்க. நான் கேட்டா அப்படிச் சொல்ல முடியாது இல்லையா?"

அவர் மணியடித்து டீ சொன்னார். டீ வந்தது, அவள் தொடவில்லை. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது அவர் சொன்னார்: "துளைக்கல. வெளியில நின்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இப்ப பழுதுபார்க்கிற கம்பெனிக்காரன்தான் படியைக் கட்டின பழைய ஆளுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்."

"தெரிஞ்ச அப்புறம் வேலையை நிறுத்தினீங்களா?"

"இல்ல."

எழுதிக்கொண்டதை அவள் அவருக்கே வாசித்துக் காட்டினாள். வெளியே வந்தபோது இத்தனை வருஷத்தில் எதிர்க்கட்சிக்காரர்களைக் கேள்வி கேட்ட எந்த நாளிலும் இல்லாத நிமிர்வு முதுகில் இருந்தது. பழைய அமைச்சர் வீட்டிலிருந்து அண்ணியை நாயை அவிழ்த்துவிடாத குறையாக வெளியேற்றியிருந்தார்கள். ஆனால் அதற்குள் அவளும் பதிலை வாங்கியிருந்தாள்.

இனி பத்திரிகை ஆசிரியர்கள் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தியில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்குத்தான் சந்தேகம். "நாம முழுசாப் போட்டு, அவங்க தங்களுக்குப் பிடிச்ச பாதியை மட்டும் போட்டா? இலவு காத்த கிளியா நிப்போம்" என்றார் குடைச்சலின் ஆசிரியர். பச்சை அலுவலகத்திலும் அதே பேச்சு. கடைசியில் அண்ணி ஒரு வழி சொன்னாள். அச்சாகும் நாளில் அவள் வந்து ஊதா அச்சகத்தில் உட்காருவாள்; குடைச்சல் போய்ப் பச்சை அச்சகத்தில் உட்காருவாள்.

"பிணைக்கைதி மாதிரியா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"சம்பந்தி மாதிரின்னு வெச்சுக்கோங்க சார்" என்றாள் குடைச்சல்.

குறித்த நாள் முற்பகலில் பச்சை அச்சகத்தில் அவளை முறைத்துப் பார்க்காத ஆள் இல்லை. முதல் பிரதி வந்ததும் வரிவரியாகப் படித்தாள். மாறவில்லை. போனில் அண்ணி, "இங்கயும் சரியா இருக்கு. உங்க மெஷின்காரர் எனக்கு நாற்காலி துடைச்சுப் போட்டார். அங்க யாரும் துடைக்கலையேன்னு நினைக்காத, எங்க ஆளுங்களுக்கு அவ்வளவு மரியாதை தெரியாது" என்றாள்.

மாலையில் பஸ் நிலையத்தில் ஜனங்கள் முதன்முறையாக இரண்டு பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். ஏதோ சூது இருக்கும் என்று வித்தியாசம் தேடினார்கள். நிருபர்கள் பெயர் முன்பின்னாக இருந்ததைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு கட்சிகளும் அன்றே அறிக்கை விட்டன: இரண்டு பெண்களும் விலைபோய்விட்டார்கள் என்று. யாருக்கு விலைபோனார்கள் என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை.

போனில் வசவும் வந்தது. "சோறு போட்ட கையைக் கடிச்சுட்ட" என்றார் ஒருவர். அம்மா அந்தப் போனை வாங்கி, "அவளுக்குச் சோறு போட்டது நான். எனக்கு வலிக்கல" என்று சொல்லி வைத்தாள்.

ஒப்பந்தக்காரர் கைதானார், சீக்கிரமே ஜாமீனிலும் வந்தார். சான்றில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அமைச்சர் பதவி போகவில்லை. ஆனால் அந்தக் கம்பெனி கட்டிய படிகளையெல்லாம் மூடித் துளைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் உதிர்ந்தன. வகுப்புகள் கீழ்த்தளத்துக்கும் வராந்தாவுக்கும் வந்தன.

பிறகு ஒரு நாள் குடைச்சல் ஒரு பள்ளிக்குப் போனாள். புதுப் படிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் கூட்டம் புதுப் பொறியாளரைச் சூழ்ந்து நின்றது. எந்த ஆற்று மணல், எத்தனை தடவை கழுவினது, சோதித்தது யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். யார் எந்தக் கட்சி என்று அந்தக் கூச்சலில் கண்டுபிடிக்க முடியவில்லை. பொறியாளர் பதில் சொல்லாமல் நகரப் பார்த்தார். ஒரு தாய் குறுக்கே போய் நின்று, அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.

கூட்டத்தில் ஒருவர் குடைச்சலை உற்றுப் பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இவங்கதாங்க, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தங்க."

"எந்தப் பத்திரிகை?" என்று கேட்டார் மற்றவர்.

"அது ஞாபகமில்லங்க" என்றார் முதல் ஆள்.