ஜெலிங்கா வீடு எது?

டார்லீன் குபிசெக் நெப்ராஸ்காவின் மண் சாலைகளில் முப்பது வருடம் தபால் போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், போர்க்காலத்தில் அந்தப் பக்கம் விழுந்த ராணுவ விமானங்களைப் பற்றித் துருவ ஆரம்பித்தாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்க முடியாமல் போன ஏக்கத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறாள் என்று ஊரில் பேச்சு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

வெர்மாண்டிலிருந்து ஒடீல் திபோ என்ற எண்பத்திரண்டு வயதுக்காரி அவளுக்கு எழுதியிருந்தாள். ஒடீலின் அண்ணன் ரெனே ராணுவ விமானி; 1943-இல் டார்லீனின் ஊரில்தான் விமானம் விழுந்து இறந்தான். ஒரு பெண்ணிடம் சாகசம் காட்ட அவள் வீட்டைத் தாழ்வாகச் சுற்றிச் செத்தான் என்று ராணுவம் எழுதிவிட்டது. அம்மா அவமானம் தாங்காமல் அவன் படத்தையே கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். 'இது உண்மையா? நான் போவதற்குள் தெரிய வேண்டும்' என்று முடித்திருந்தாள் ஒடீல்.

விசாரணைக் கோப்பின் நகல் வந்தது. எமில் என்ற விவசாயியின் சாட்சியம் இரண்டே வரி: விமானம் ஜெலிங்கா வீட்டுக்கு மேலே மூன்று முறை தாழ்வாகச் சுற்றியது, ஓட்டியவர் கையை ஆட்டினார். டெக்சாஸிலிருந்து வந்த விசாரணை அதிகாரி டெலிபோன் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். ஊர் எல்லையில் ஜெலிங்கா குடும்பம், கல்யாணமாகாத பெண்கள் இருவர். மனிதர் அதோடு பேனாவை மூடிவிட்டார்.

டார்லீன் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் காலை ஓட்டலில், சித்தப்பா மகன் மைலோ எதிரே வந்து உட்கார்ந்தான்.

"என்ன, ஜெலிங்கா பொண்ணு சிக்கினாளா?" என்றான், வாய் நிறையக் கொலாச்சி ரொட்டியோடு.

"வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசுடா."

"கோவிச்சுக்காத. வைக்கோல் கட்டு கேட்டியே, சாயங்காலம் ஹாயெக் வீட்டுல கொண்டாந்து எறக்கறேன்."

"ஹாயெக் வீடா? அவங்க போய் அறுபது வருஷம் ஆச்சு. நாப்பது வருஷமா நான் அங்க குப்ப கொட்டறேன். எப்படா அது குபிசெக் வீடாகும்?"

"நீ செத்தப்பறம்."

டார்லீன் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த ஊரில் ஒருவர் பெயர் அவர் வீட்டுக்கு வரவேண்டுமென்றால், முதலில் அவர் அந்த வீட்டை விட்டுத் தொலைய வேண்டும். தபால் போட்ட காலத்தில் இதனால் அவள் பட்ட பாடு கொஞ்சமா! எமில் சொன்ன ஜெலிங்கா வீட்டில் ஜெலிங்காக்கள் இருந்திருக்கவே முடியாது.

காப்பிக்குக் காசு கொடுக்க மறந்து நிலப்பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள். நினைத்தது சரி. ஜெலிங்காக்கள் 1938-லேயே நிலத்தை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் குடிவந்துவிட்டார்கள். வாங்கியவர்கள் போஸ்பிஷில் சகோதரர்கள், கட்டைப் பிரம்மச்சாரிகள்.

போஸ்பிஷில்! கையிலிருந்த கோப்பின் கடைசியில் 'சம்பந்தமற்றது' என்று முத்திரை குத்திய அவர்கள் கடிதம் ஒன்று இருந்தது; ஏதோ பன்றிப் புகார் என்று அவளும் ஒதுக்கியிருந்தாள். விமானம் மேலே சுற்றியபோது இன்ஜினிலிருந்து கொட்டிய எண்ணெயில் எங்கள் வெள்ளைப் பன்றிகள் பதினொன்றும் கறுப்பாகிவிட்டன; இறங்கப் பார்த்தவர் எங்களைத் தள்ளிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்; பன்றிகளை விட்டு எப்படிப் போவது; கடைசியில் அவர்தான் ஓடைப்பக்கம் திருப்பிக்கொண்டு போய் விழுந்தார். அவ்வளவுதான் கடிதம். அங்கேயே நின்று டார்லீன் அழுதாள்.

அன்றே ஒடீலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப, பொண்ணே இல்லையா?" என்றாள் ஒடீல்.

"இல்லீங்க. கெழட்டுப் பிரம்மச்சாரிங்க ரெண்டு பேரு, பன்னிங்க பதினொண்ணு."

ஒடீல் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று டார்லீனுக்குத் தெரியவில்லை.

"அவனுக்கு இருபத்திரண்டு வயசுதாம்மா. அம்மா திட்டறப்பல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆறுதல். போறதுக்கு முன்னாடி ஒருத்திய ஆசப்பட்டானேன்னு. இப்ப அதுவும் போச்சே."

ஒரு மாதமாகத் துரத்தி விரட்டிய பொய்யைத் திரும்பக் கூப்பிடலாமா என்றிருந்தது டார்லீனுக்கு. கோப்பைப் புரட்டினாள்.

"முந்தின சனிக்கிழம அவர் டான்ஸுக்குப் போயிருக்காரு. இதுல இருக்கு. யாரோட ஆடினாருன்னு யாரும் எழுதி வைக்கல."

ஒடீல் மூக்கைச் சிந்தினாள்.

"அத மட்டும் தோண்டாதீங்க" என்றாள்.