நாலே மணி நேரம்

ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் மேனேஜர் இன்னும் மேனேஜராகத்தான் இருந்தார்; என்ன, மேனேஜ் பண்ண மனைவி ஒருத்திதான் மிச்சம். அவள் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். ஆகவே அந்த வீட்டில் உலகத்தைப் பற்றி யார் பேசுவார் என்று கேட்கவே வேண்டாம். அவர்தான்.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். இருப்பதோ எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. "இந்த ஒரு தடவையாவது அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா" என்று ஃபோனில் சொன்னாள். நாலு வருஷமாக மேனேஜரிடம் ஒரே பதில்: "அஞ்சு மணி நேரத்துக்கு மேல உக்காந்தா என் முதுகு தாங்காது." டி.வி. முன்னால் நாள் முழுக்கத் தாங்குகிற முதுகு அது. கோளாறு முதுகில் இல்லை, விமானம் என்றதும் கலங்குகிற வயிற்றில் என்று மனைவிக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும்.

வேறு வழியில்லாமல் தனக்கு மட்டும் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"காலைல ஒம்பதுக்குக் கிளம்புது, மத்தியானம் ஒண்ணுக்கு இறங்குது. அட, நாலே மணி நேரம்! இத ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

அந்த ஒரு மணி மகள் ஊர்க் கடிகாரத்து ஒரு மணி. இங்கே அப்போது சாயங்காலம் ஆறரை ஆகியிருக்கும். மொத்தம் ஒன்பதரை மணி நேரம். தப்பைக் கண்டாலே சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை துறுதுறுத்தது. அடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் சேத்துப் போட்டுடவா?"

"இதென்ன கேள்வி? போடு."

அதன்பின் லிஃப்டில் மாட்டியவர்களுக்கெல்லாம் பாடம் நடந்தது. "எட்டாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரத்துலயா?" என்று மாடி வீட்டுப் பல் டாக்டர் வாயைத் திறந்தார்.

"இப்ப வர்ற எஞ்சின் அப்படி டாக்டர். உங்களுக்கு வாய்க்குள்ளதான் தெரியும்."

டாக்டர், மேனேஜரின் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கும்பிட்டாள். பாவம், நல்ல மனுஷன், வாயை மூடிக்கொண்டார்.

விமானம் மேலேறியபோது, "உனக்குப் பயமா இருக்கும்" என்று மேனேஜர் அவள் கையைப் பிடித்தார். விரல் மரத்துப்போகும்வரை விடவில்லை. முன்னிருக்கைத் திரையில் அவருக்கு வரிசையாகச் சண்டைப் படமாகப் போட்டுக்கொடுத்தாள்.

சரியாக ஒரு மணிக்கு ஷூவை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு பணிப்பெண்ணை அழைத்தார். "என்னம்மா, இறங்கற மாதிரியே தெரியலையே?"

"இன்னும் அஞ்சரை மணி நேரம் இருக்கு சார்."

மேனேஜர் மெல்லத் திரும்பினார். "நீ பூகோள டீச்சர்தானே?"

"ஆமாங்க."

"அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும். முதுகு எப்படி இருக்கு?"

அவர் முதுகைத் தேடிப் பார்த்தார். வலி அகப்படவில்லை. வயிறும் எப்போதோ அடங்கியிருந்தது. ஷூவைக் கழற்றினார்.

"அவ ஊர்ல இப்ப மணி என்ன?"

"காலைல ஏழரை."

கைக்கடிகார முள்ளைத் திருகி ஏழரையில் வைத்தார். "இப்பதான் எழுந்திருப்பா. வெறும் வயித்தோட நடமாடாம ஏதாவது சாப்பிட்டாளோ என்னவோ."

பிறகு மறுபக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பினார். "கேட்டீங்களா சார், இந்த பூமி இருக்கே, அது சும்மா இல்ல, சுத்துது..."

வகுப்பில் தூங்குகிறவர்களை முப்பது வருஷமாகத் தட்டி எழுப்பியவள், முதன்முறையாகப் பூகோளப் பாடம் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.