ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

பால் ஊற்றக் கிளம்பும் முன் வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். தீபிகாவைச் சேர்த்தால் ஆறு. சமையலறைப் படியில் வசந்தாமணி, பூபதியின் அக்கா, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து சொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் சின்னண்ணன். மாமனார் ஆவதற்கு முன்பே அவர் பூபதிக்குத் தாய்மாமன். டி.வி. மேசைக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்துப் பூபதியின் மனைவி சண்முகப்பிரியா. அவள் மடியில் நான்கு வயது தீபிகா. கோழிப்பண்ணை வாட்ச்மேன் காளியப்பன் வெளிப்படியில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தார். மேலே வந்து உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் வந்திருக்க மாட்டார்.

பூபதி உட்காரவில்லை. அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. ஆனால் நேற்று மதியம் மகன் தர்ஷனை மண்ணில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து அவனால் ஓரிடத்தில் நிற்கக்கூட முடியவில்லை. வாசலுக்குப் போனான். தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரியாக வைத்தான். உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை. மறுபடி வாசலுக்குப் போனான்.

"ஒரு பக்கமா நில்லு பூபதி. பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது" என்றாள் வசந்தாமணி. பிறகு பொதுவாகக் கேட்டாள். "இலையில வெக்கறதுக்கு என்னென்னன்னு சொல்லுங்க. அவனுக்குப் புடிச்சதத்தான் வெக்கோணும். புடிக்காதத வெச்சா புள்ளை மனசு ஆறாது."

"இட்லி" என்றாள் சண்முகப்பிரியா. "பொடி, தண்ணியில கொழச்சு. பொடலங்காய்ப் பொரியல்."

"பொரியல்ங்கற. அதுல எண்ணெய்னு ஒண்ணு இருந்துச்சா?"

"அரைக் கரண்டி இருந்துச்சுங்க, நங்கையா" என்றாள் நாத்தனாரிடம்.

"சாமி கும்புடற வெளக்குக்கு அதவிட ஜாஸ்தி ஊத்தறோம்."

"உடு வசந்தா" என்றார் சின்னண்ணன்.

வசந்தாமணி விட்டாள். ஆனால் எழுந்துபோய், பக்கத்து வீட்டிலிருந்து வந்த பருப்புச் சோற்றை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து தீபிகாவின் முன்னால் வைத்தாள். குழந்தை இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தது. சண்முகப்பிரியா குனிந்து மோந்து பார்த்தாள்.

"நெய் ஊத்துனீங்களா?"

"ஒரே சொட்டு."

"ஒரு சொட்டுக்கும் அளவு இருக்குதுங்க."

"அளந்து அளந்து ஒருத்தன அனுப்பியாச்சு. இவளையும் அளக்கறியா?"

சண்முகப்பிரியா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்தபோது சோறு வெளுத்திருந்தது. அலசிய சோற்றை உருட்டி ஊட்டினாள். தீபிகா அதையும் அவசரமாகத்தான் தின்றது.

நோய் தர்ஷனுக்கும் தீபிகாவுக்கும் ஒன்றுதான். கொழுப்பைக் கரைக்கும் ஒரு பொருள் உடம்பில் பிறவியிலேயே இல்லை. கரையாத கொழுப்பு ஈரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். கோயமுத்தூர் டாக்டரம்மா ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு, இரண்டையும் மேலே ஒரே வட்டத்தில் சேர்த்துக் காட்டினார். அந்த மேல் வட்டத்தில் பூபதியின் அம்மாவும் சின்னண்ணனும் அண்ணன் தங்கையாக இருந்தார்கள். சொந்தத்தில் கட்டியதால் கணவன் மனைவி இருவரிடமும் இருந்த ஒரே குறை பிள்ளைகளிடம் வந்து கூடிவிட்டது என்றார். நோயை மாற்றும் மருந்து எட்டாத தூரத்தில் இருந்தது. கைக்கு எட்டியது சாப்பாடு ஒன்றுதான். ரத்தத்தில் கொழுப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெயை அளந்து ஊற்ற வேண்டும், மஞ்சள் கரு அறவே கூடாது.

தினமும் என்ன தின்றான் என்று மாதாமாதம் எழுதி அனுப்பச் சொன்னார். வாட்ஸ்அப்பில் வந்தால் புதைந்துபோகிறது, தாளாகவே அனுப்புங்கள் என்றார். அது பூபதிக்குச் சுலபம். அறுபதாயிரம் கோழி உள்ள பண்ணையில் சூப்பர்வைசர் அவன். ஷெட் வாரியாகத் தீவனம், முட்டை, சாவு என்று தினமும் கட்டம் போட்டு எழுதுகிறவன். மகனுக்கும் அதேபோல் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டான். சண்முகப்பிரியா சொல்லச் சொல்ல எழுதினான். பரிசோதனை ரிப்போர்ட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினான். நகல் ஒன்றைக் கோப்பில் வைத்தான். "உங்க தாள் மாதிரி எனக்கு யாரும் அனுப்பறதில்லை" என்று டாக்டரம்மா ஒருமுறை சொன்னபோது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று மாலை அவரே போன் செய்தார். ஈரல் வீங்கினால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைக்கும், அதில் ஒன்று வெடித்திருக்கிறது என்றார். "சாப்பாட்டால வந்தது இல்லைங்க இது. உங்க தாள் எல்லாம் எங்கிட்ட இருக்கு. இதுக்கு மேல கண்டிப்பா யாராலயும் பாத்திருக்க முடியாது. உங்க மனைவிகிட்டச் சொல்லுங்க." பூபதி, "சரிங்க டாக்டர்" என்றான். சண்முகப்பிரியாவிடம் வந்து சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இட்லி, பொடலங்காய்" என்று வசந்தாமணி விரல் மடக்கினாள். "இனிப்பு? எட்டு வயசுப் புள்ளைக்கு வேற ஒண்ணுமேவா புடிக்காது?"

வெளிப்படியில் காளியப்பன் நிமிர்ந்து பூபதியைப் பார்த்தார். பார்த்தவர் உடனே குனிந்து, தோள் துண்டின் நுனியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பூபதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"முட்டை" என்றான்.

வசந்தாமணிக்குச் சரியாக விளங்கவில்லை. "யாருக்கு?"

"தர்ஷனுக்கு. வேக வெச்ச முட்டை, மொளகுத்தூள் போட்டு."

சண்முகப்பிரியா தீபிகாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எம்புள்ளைக்கு முட்டை ருசி எப்படித் தெரியும் மாமா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் தர்ஷன் அப்பாவோடு பண்ணைக்குப் போவான். கூண்டுகளுக்கு அடியில் முட்டை உருண்டு வருவதை நடந்துகொண்டே எண்ணுவான். அட்டை அட்டையாக லாரியில் ஏறுவதைப் பார்ப்பான். "இதெல்லாம் யாருப்பா திங்கறாங்க?" என்று ஜூன் மாதத்தில் ஒருநாள் கேட்டான். கேரளாவுக்குப் போவுது சாமி என்றான் பூபதி. "அங்க எல்லாப் பசங்களுக்கும் ஈரல் நல்லாருக்குமா?" என்று கேட்டான். அவன் வருத்தமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பூபதி உடைசல் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காளியப்பனிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னான்.

இதை எல்லாம் அவன் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழமை பண்ணையில குடுத்தேன்" என்று மட்டும் சொன்னான்.

"எத்தனை?"

"பதினேழு."

எண்ணிக்கை சரியாகத் தெரிந்திருந்ததுதான் அவளை என்னவோ செய்தது. அவள் முகம் மாறுவதைப் பூபதி பார்த்தான்.

"கடேசியா?"

"முந்தாநேத்து. மத்தியானம்."

முந்தாநேற்று சாயங்காலம்தான் முதல் வாந்தி.

"அப்பனுக்காவது எரக்கம் இருந்துருக்குது" என்றாள் வசந்தாமணி. அந்த வீட்டில் இரண்டு நாளாகப் பேசப்பட்ட எல்லாவற்றிலும் பூபதியால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"நீ வாய மூடுக்கா" என்றான்.

"முட்டை தின்னா யாராவது சாவாங்களா?" என்று சின்னண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஊரே திங்குது. டாக்டரம்மாவே சாப்பாட்டால இல்லீன்னு சொல்லிப்போட்டாங்களே."

சண்முகப்பிரியா எழுந்து அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துவந்தாள். தரையில் விரித்தாள். அவள் குரல் ஏறவில்லை.

"ஜூலைல கொழுப்பு ஏறிப்போச்சு. மூணு கரண்டி எண்ணெய ரெண்டாக்கச் சொன்னாங்க. ஆகஸ்ட்ல இன்னும் ஏறுச்சு. ஒண்ணாக்கினாங்க. நானு கரண்டிதான் பெருசோன்னு கரண்டிய மாத்துனேன். தேங்காய நிறுத்துனேன். ஆடை எடுத்த பாலையும் நிறுத்துனேன். பசிக்குதும்மாம்பான். தண்ணி குடுத்துத் தூங்க வெச்சேன்." ஒரு தாளின் மேல் விரலை வைத்தாள். "அண்ணனுக்கே ஏறுதுன்னு இவளுக்கும் அதே அளவு போட்டாங்க. பதிமூணு கிலோ நானூறு இருந்தா. இப்பப் பன்னண்டு அறுநூறு."

தாளிலிருந்து நிமிர்ந்து பூபதியைப் பார்த்தாள்.

"சாப்பாட்டால இல்லீன்னு சொன்னாங்களே மாமா. எதைப் பாத்துச் சொன்னாங்க?"

பூபதி வாசலைப் பார்த்தான். போவதற்கு வாசல் இருந்தது. போகவில்லை.

"நான் எழுதுன தாளப் பாத்து."

அவள் தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் ஒவ்வொன்றிலும் அவனுடைய நல்ல கையெழுத்தில் சோறு, ரசம், பீர்க்கங்காய் என்று இருந்தது.

காளியப்பன் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க சாமி. ஆருக்கும் சொல்லாம நானே வெச்சரலாம்னு வேக வெச்சுக் கொண்டாந்தனுங்க."

வசந்தாமணி கை நீட்டும் முன் சண்முகப்பிரியா போய் வாங்கிக்கொண்டாள். அங்கேயே நின்று உரித்தாள். ஓடு சரியாக வராமல் துண்டு துண்டாக வந்தது. உரித்ததை இரண்டாகப் பிளந்து பார்த்தாள்.

"முழுசாவா குடுத்தீங்க?"

"முழுசாத்தான்" என்றான் பூபதி.

"எத மொதல்ல தின்னான்?"

"வெள்ளைய. மஞ்சளக் கடேசி வரைக்கும் கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்குவான்."

அவள் முட்டையை இலையில் வைத்து, இலையை மடித்து, அவன் கையில் கொடுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போயிட்டு வந்து எழுதிப்போடுங்க. இவளுக்கு இன்னைக்கு எவ்வளவு குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல."

"போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

"போன்ல சொன்னா காத்தோட போயிரும். தாள்ல எழுதுனது நீங்க. தாள்லயே மாத்துங்க."

மயானத்தில் சின்னண்ணனும் காளியப்பனும் அவனும் மட்டும் இருந்தார்கள். பாலை ஊற்றினான். மண் உடனே குடித்துவிட்டது. இலையைப் பிரித்து வைத்தபோது சின்னண்ணன் அவன் தோளில் கை வைத்தார்.

"எழுதாத மாப்ள. போனவன் போயிட்டான். நாளைக்கு எவனாவது அப்பனே குடுத்துக் கொன்னான்னு கேஸ் போட்டா ஆரு வருவா? அவ வயித்தெரிச்சல்ல சொல்றா. ரெண்டு நாளுல தணிஞ்சிரும்."

"தீபிகாவுக்கு அளவு தப்பா இருக்குது மாமா."

"அத வேற மாதிரி சொல்லிக்கலாம். ஸ்கூல்ல தின்னுட்டான்னு எழுதேன். ஆரு போயிப் பாக்கப்போறா?"

அது நடக்கக்கூடியதுதான் என்பது பூபதிக்கு உடனே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் தினமும் முட்டை போடுகிறார்கள். ஒரு வரி போதும். வீடு வரும் வரை அந்த வரியை அவன் மனதுக்குள் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தான். ஒவ்வொன்றும் நன்றாகவே அமைந்தது.

வீட்டில் சண்முகப்பிரியா நாற்காலியின் மேல் தாளும் பேனாவும் ஸ்கேலும் எடுத்து வைத்திருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். காலையிலிருந்து அவன் உட்கார்ந்தது அப்போதுதான்.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு என்று தொடங்கினான். ஜூன் பதினைந்து முதல் அக்டோபர் ஐந்து வரை பதினேழு தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். எதிரே, முழு முட்டை ஒன்று, தகப்பன் கொடுத்தது. "தகப்பன் கொடுத்தது" என்பதை மேலே ஒருமுறை எழுதிவிட்டுக் கீழே அதேபோல் என்று குறி போட்டிருக்கலாம். பதினேழு முறையும் எழுதினான். அதற்குக் கீழே எழுதினான்:

"மற்ற எல்லாக் கட்டங்களும் உண்மை. என் மனைவி ஒருநாளும் அளவு தவறவில்லை. மகள் தீபிகாவுக்குத் தாங்கள் கொடுத்த அளவு என் பொய்யை வைத்துக் கொடுத்தது. ஆகவே புதிதாகக் கொடுக்கவும். சாப்பாட்டால் வந்ததில்லை என்று நேற்றுச் சொன்னீர்கள். இது தெரிந்த பிறகும் அதையே சொல்வீர்களா என்பதை, எதுவானாலும், எழுதவும்."

சண்முகப்பிரியா வாங்கிப் படித்தாள். தேதிகளின் மேல் விரலை வைத்து மெதுவாக இறங்கினாள். ஆகஸ்ட் பத்தில் விரல் நின்றது.

"அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல். பண்ணைக்குப் போகல."

அவன் யோசித்தான். "மூணு மணிக்கு மேல வந்தான். நீ தூங்கிட்டிருந்த."

அவள் விரல் மறுபடி இறங்கியது. படித்து முடித்துத் தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டாள். ஒட்டப் பசை இல்லை. சமையலறைக்குப் போய் நாலு பருக்கை எடுத்துவந்து, உறையின் மடிப்பில் நசுக்கித் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"மூணு மணிக்குத் தபால் கட்டு எடுத்துருவாங்க" என்றாள். "இவளையும் கூட்டிட்டுப் போங்க. இங்க இருந்தா நங்கையா எதையாவது ஊட்டுவாங்க."

பரமத்தி வேலூர் தபால் நிலையத்தில் கூட்டமில்லை. பூபதி தீபிகாவைத் தூக்கி, ஜன்னலுக்கு முன்னால் இருந்த பலகையில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டான். குமாஸ்தா உறையை வாங்கி முகவரியைப் படித்தார். மாதாமாதம் பார்க்கும் முகவரி. தராசில் வைத்தார்.

"இந்தத் தடவை கனமே இல்லைங்களே. ரிப்போர்ட் வெக்கலீங்களா?"

"இல்லைங்க. ஒரு தாள்தான்."

அவர் உறையைத் திருப்பினார். மடிப்புக்கு அடியில் ஒரு பருக்கை முழுதாக மசியாமல் புடைத்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அதை இரண்டு முறை அழுத்தித் தட்டையாக்கினார். பிறகு முத்திரையைக் குத்தி, கோயமுத்தூர் பைக்குள் போட்டார்.