தகனக் கூடத்து மோட்டார்

அப்பாவை உள்ளே அனுப்புவதற்கு முன்பே, உலைக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றுவிட்டது. வார்னிஷ் சூடேறிய நாற்றம் அடித்தது.

"சூடாகிச் சூடாகி ட்ரிப் ஆகுது சார். இன்னைக்கு வேற இடம்தான் பாக்கணும்" என்று உலைக்காரர் கையை விரித்தார். வாழ்நாளெல்லாம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிய அப்பாவுக்கு நல்ல வழியனுப்பல்தான்.

மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேனல் பக்கம் போனான். அதற்குள் தங்கையின் கணவன் வண்டியிலிருந்து, ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை எடுத்து வந்துவிட்டான். அப்பாவின் டெஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அவர் அதை மாப்பிள்ளை கையில்தான் கொடுத்தார். பெற்ற பிள்ளை பக்கத்திலேயே நின்றிருந்தான். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. அழவேண்டிய நாளில் அவனுக்குப் பொறாமைதான் வந்தது.

மோட்டார் ஆறியதும் ஓட்டி, மூன்று ஒயரிலும் கரண்ட் பார்த்தார்கள். இரண்டில் அதிகம், ஒன்றில் குறைவு.

"காயில் போச்சு. கழட்டித்தான் கட்டணும்" என்றான் மகன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மாப்பிள்ளை தயங்கினான். "மச்சான், மூணு ஒயரையும் ஒரு இடம் தள்ளி மாத்திப் போட்டுப் பாத்துடலாமா?"

"எனக்கே பாடமா?"

ஆனால் மாப்பிள்ளை சொன்னது சரி. கோளாறு மோட்டாரில் என்றால் குறைச்சல் அதே காயிலோடு நகரும். கரண்ட் வரும் லைனில் என்றால் லைனிலேயே நிற்கும். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மெயினை அணைத்து, மாற்றி, ஓட்டினான். குறைச்சல் லைனிலேயே நின்றது. பேனலில் அந்த லைனின் ஸ்க்ரூ தளர்ந்து ஒயர் நுனி கருகிக் கிடந்தது. மோட்டார் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மறுபடி மெயினை அணைத்து, நுனியை வெட்டிச் சீவி, உள்ளே வைத்து ஸ்க்ரூவை முறுக்கினான். "அப்பா உங்களுக்குத் தனியா சொல்லிக் குடுத்தாரோ?"

"உங்களைச் சொல்லித்தான் மச்சான் என்னை வறுத்தெடுப்பாரு. 'எம் பையனப் பாருங்க, ஒயரத் தள்ளிப் போட்டுப் பாக்காம வாயே தொறக்க மாட்டான்'னு. உங்களை நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

மகன் நிமிரவில்லை. இறுகிவிட்ட ஸ்க்ரூவை இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தான்.

மோட்டார் ஓடியது. மூன்று ஒயரிலும் ஒரே அளவு. உலைக்காரர் ட்ராலியைப் பிடித்தார்.

"அனுப்பலாமா சார்?"

"கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். சூடு ஏறுதான்னு பாக்கணும்."

இனி பார்க்க ஒன்றுமில்லை என்று மாப்பிள்ளைக்கும் தெரியும்.

"ஆமா, பாக்கணும்" என்றான்.